ஐடில் 1200-க்கு கீழ இறங்கவே மாட்டேங்குது, மைலேஜும் போச்சு, எங்க இருந்து பார்க்க ஆரம்பிக்கறது?

கியர்மாத்தி:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், மல்டி பாயிண்ட் இன்ஜெக்‌ஷன், மேனுவல் கியர். ஆக்சிலேட்டர் கேபிள்ல ஓடறது, எலக்ட்ரானிக் த்ராட்டில் (இன்ஜினுக்குப் போற காத்தைத் திறந்து மூடற வால்வு) கிடையாது. ஓடின தூரம் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிடுச்சு.

பிரச்சனை என்னன்னா ஐடில், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காதப்ப இன்ஜின் சுத்தற வேகம் (ஆர்பிஎம்), இறங்க மாட்டேங்குது. காலைல ஸ்டார்ட் பண்ணா 1500 நிக்கும், அது எல்லா வண்டியும் அப்படித்தான்னு தெரியும். ஆனா அரை மணி நேரம் ஓட்டிட்டு சிக்னல்ல நிறுத்தினாலும் 1150, 1200ன்னு உறுமிக்கிட்டே நிக்குது, முன்னெல்லாம் 750ல கம்முனு இருக்கும். கியர்ல போட்டு கிளட்ச் விட்டா ஆக்சிலேட்டர் மிதிக்காமலே வண்டி இழுத்துக்கிட்டு போகுது, நெரிசல்ல பிரேக் மேலயே கால் வச்சிருக்கேன். கூடவே மைலேஜ் லிட்டருக்கு 16 குடுத்தது இப்ப 12 வந்தாலே பெருசு. ஓட்டற ரோடு அதேதான், கால் அதேதான்.

கராஜ்ல விட்டேன். பிளக்கைக் கழட்டி காட்டினாங்க, நாலும் கரி அடிச்சு கருப்பா இருந்தது, புதுசு போட்டாங்க. ஏர் ஃபில்டர் மாத்தினாங்க, த்ராட்டில் பாடி கிளீன் பண்ணாங்க. ஒரு மாத்தமும் இல்ல. இப்ப ஆக்சிஜன் சென்சார் போயிருக்கும்னு சொல்றாங்க, அதுலயும் சரியாகலேன்னா ஈசியூவாம், அதான் இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர். இல்லேன்னா த்ராட்டில்ல ஒரு ஸ்க்ரூ இருக்கு அதைத் திருப்பி ஐடிலைக் குறைச்சு விட்டுடறோம்ங்கறாங்க. செக் இன்ஜின் லைட் எரியல. சாவி போட்டா எரிஞ்சு அணையுது, அதனால பல்பு நல்லாத்தான் இருக்கு.

சென்சார் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன். வேற ஏதாவது விவரம் வேணும்னா கேளுங்க.


ஸ்பேனர்14:

ப்ரோ இது சந்தேகமே இல்லாம வேக்கம் லீக். இன்டேக் மேனிஃபோல்ட் (சிலிண்டருக்குக் காத்து போற குழாய்) கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுக்கறது) இந்த மூணுல ஒண்ணு. உள்ள திருட்டுத்தனமா காத்து போகுது, ஐடில் ஏறுது, அவ்ளோதான். ஹூடைத் திறந்து வச்சுட்டு காது குடுத்துக் கேளுங்க, உஸ்ஸுன்னு சத்தம் வரும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே இருந்தா ஒவ்வொரு ஜாயிண்டா அடிச்சுப் பாருங்க, எங்க அடிக்கும்போது ஆர்பிஎம் மாறுதோ அங்கதான் ஓட்டை.


நிதானம்80:

மேல சொன்னது சரியான டெஸ்ட்தான், ஆனா சூடான இன்ஜின் மேல கார்ப் கிளீனர் அடிக்கறது தீப்பிடிக்கற வேலை. சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கத்துல ஒரு துளி பட்டா போதும். சோப்புத் தண்ணிய ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி அடிங்க, லீக் இருந்தா தண்ணிய உள்ள இழுக்கும், அந்த ஒரு நொடி சத்தம் மாறும். இல்ல ஸ்மோக் மெஷின் (புகையை உள்ள விட்டு ஓட்டையைக் காட்டறது) வச்சிருக்கற ஆள் கிட்ட போங்க, அதுதான் உருப்படியான வழி.

அந்த ஸ்க்ரூவை மட்டும் யாரையும் தொட விடாதீங்க. அது ஐடில் அட்ஜஸ்ட் பண்றதுக்கு வச்சதில்ல, த்ராட்டில் பிளேட் முழுசா மூடி போர்ல உரசி சிக்கிக்காம இருக்க ஃபேக்டரில செட் பண்ணி பெயிண்ட் வச்சு விடறது. கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்துல சில பேர் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்தா முதல்ல அங்கதான் போவாங்க. அதைத் திருப்பினா த்ராட்டில் பொசிஷன் சென்சாரோட மூடின நிலை வோல்டேஜும் சேர்ந்து மாறும், அப்புறம் ஈசியூவுக்கு நீங்க காலை எடுத்தீங்களா இல்லையான்னே குழப்பம் வந்துடும்.

அப்புறம் சின்ன விஷயங்க, ஆனா நான் கேட்டே ஆகணும். ஆக்சிலேட்டர் கேபிள்ல கொஞ்சம் தொய்வு இருக்கா? கால் மிதியடி பெடல் மேல ஏறி உக்காந்திருக்கா? ஏசி ஆஃப்ல இருக்கும்போதும் 1200தானா? மைலேஜ் எப்படி கணக்கு போடறீங்க, டேங்க் டு டேங்க்கா, டேஷ்போர்டுல காட்டறதா? டயர் காத்து என்ன, ஓட்டி நிறுத்தினதும் நாலு வீலையும் தொட்டுப் பார்த்தா ஒண்ணு மட்டும் கொதிக்குதா? பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடினாலும் மைலேஜ் போகும், அது ஐடிலோட சம்பந்தமே இல்லாத தனிக் கதையா இருக்கலாம்.


கரிக்கை:

தம்பி, சென்சார் வாங்காதீங்க, பொறுங்க.

நீங்க எழுதினதுல எனக்கு முக்கியமா பட்டது அந்த கருப்பு பிளக். வேக்கம் லீக்னா ஒண்ணு கலவை லீனா (பெட்ரோல் கம்மியா) போயிருக்கும், பிளக் வெளுத்திருக்கும், இல்ல ஈசியூ அதுக்கேத்த பெட்ரோலைச் சேர்த்து சரிக்கட்டிருக்கும், பிளக் சாதாரணமா இருக்கும். நாலும் சேர்ந்து கரி அடிச்சிருக்குன்னா இன்ஜினுக்கு நாலு சிலிண்டருக்கும் பெட்ரோல் ஜாஸ்தி போகுது, அதே சமயம் ஐடிலும் ஏத்தமா இருக்கு. இந்த ரெண்டையும் ஒரே நேரத்துல ஈசியூ வேணும்னே பண்ற சமயம் ஒண்ணு இருக்கு, அது காலைல குளிர்ல ஸ்டார்ட் பண்ற நேரம். அதாவது உங்க இன்ஜின் நாள் பூரா இன்னும் சூடாகலன்னு நினைச்சுக்கிட்டே ஓடுது. நெஜமாவே சூடாகாம இருக்கலாம், இல்ல சூடாகியும் சென்சார் பொய் சொல்லலாம். முதல்ல சொன்னதுக்குக் காரணம் தெர்மோஸ்டாட் (கூலண்ட் சூடாகற வரைக்கும் ரேடியேட்டருக்குப் போகாம தடுக்கற வால்வு) திறந்தே நிக்கறது, ரெண்டாவதுக்கு கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார். ரெண்டுமே ஆக்சிஜன் சென்சாரை விட மலிவான சாமான், ஆனா ஏனோ கடைசிலதான் பார்ப்பாங்க.

மைலேஜ் ஏன் இவ்வளவு அடி வாங்குதுன்னா பெட்ரோல் ஜாஸ்தி அடிக்கறது மட்டும் காரணம் இல்ல. குளிர்ந்த இன்ஜின்ல ஆயில் கெட்டியா இருக்கும், உராய்வு ஜாஸ்தி. இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது, கியர்ல இருக்கும்போது நீங்க ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா நல்லா இருக்கற வண்டி பெட்ரோல் அடிக்கற இன்ஜெக்டரை மொத்தமா நிறுத்திடும், வீல்தான் இன்ஜினைச் சுத்த வைக்கும், ஒரு துளி பெட்ரோல் செலவாகாது. கூலண்ட் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு வராத வரைக்கும் நிறைய வண்டில ஈசியூ இப்படி பெட்ரோலை நிறுத்தறதை அனுமதிக்காது. அப்ப இறக்கத்துல, சிக்னலுக்கு உருண்டு வர்றப்ப எல்லாம் பெட்ரோல் போய்க்கிட்டே இருக்கும். நெரிசல் ரோட்ல நாள் பூரா கூட்டிப் பாருங்க.

டெம்பரேச்சர் முள்ளை நம்பாதீங்க. நிறைய வண்டில அது ஒரு அகலமான ரேஞ்சுக்கு நடுவுலயே நிக்கற மாதிரிதான் வச்சிருக்காங்க.

ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனர் (ஈசியூல இருக்கற எண்களைப் படிக்கறது) வாங்கி வண்டில மாட்டி போன்ல பாருங்க, இல்ல கடன் வாங்குங்க. பழுதைச் சொல்ற எரர் கோடு இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு மூடி வைக்காதீங்க, லைவ் டேட்டாவைத் திறங்க. எனக்கு வேண்டியது இதுதான். ராத்திரி பூரா நின்ன வண்டில காலைல சாவி மட்டும் ஆன் பண்ணி கூலண்ட் டெம்பரேச்சரும் உள்ள வர்ற காத்தோட டெம்பரேச்சரும். அப்புறம் அரை மணி நேரம் ஓட்டினப்புறம் கூலண்ட் எவ்வளவு, நீட்டு ரோட்ல ஓடும்போது எவ்வளவு, நெரிசல்ல நிக்கும்போது எவ்வளவு. ஐடில்ல நிக்கும்போது ஈசியூ கேக்கற ஆர்பிஎம் எவ்வளவு, நெஜ ஆர்பிஎம் எவ்வளவு (சில ஆப்ல டார்கெட் ஐடில்னு இருக்கும்), ஐடில் கண்ட்ரோல் வால்வோட ஸ்டெப் (வால்வு எவ்வளவு திறந்திருக்குங்கற எண்) எவ்வளவு, மேப் சென்சார் (மேனிஃபோல்டுக்குள்ள அழுத்தம்) எவ்வளவு, லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கற சதவீதம்) எவ்வளவு.

இதுல அந்த ஸ்டெப்தான் வழக்கைத் தீர்க்கும். ஐடில் ஏத்தமா இருக்கு, ஸ்டெப்பும் ஏத்தமா இருக்குன்னா ஈசியூவே வால்வைத் திறந்து வச்சு கேக்குது, ஓட்டை தேடி பிரயோஜனம் இல்ல. ஸ்டெப் சீரோக்கு வந்தும் ஐடில் இறங்கலேன்னா ஈசியூ வால்வை முழுசா மூடிட்டு கையை விரிச்சிடுச்சு, காத்து வேற வழில வருது, அப்ப ஸ்பேனர்14 சொல்றதுதான்.

ஒரு கேள்வி, முன்னாடி எப்பவாவது ஓவர்ஹீட் ஆகி ரிப்பேர் பண்ணிருக்கீங்களா? ஹீட்டர் போட்டா நல்லா சூடா வருதா?


ஸ்பேனர்14:

அண்ணே தெர்மோஸ்டாட்னா செக் இன்ஜின் லைட் வந்திருக்கணுமே? பி0128ன்னு அதுக்குன்னே கோடு இருக்கே.


கரிக்கை:

அந்தக் கோடு இருக்கு, ஆனா எல்லா ஈசியூவும் அந்தச் சோதனையைப் பண்ணாது. பழைய வண்டிங்க நிறையதுல சென்சார் வயர் அறுந்திருக்கா, ஷார்ட் ஆகிருக்கான்னு மட்டும்தான் பார்க்கும். வயர் அறுந்தா மைனஸ் 40ன்னு படிக்கும், அது நடக்காத காரியம்னு ஈசியூவுக்குத் தெரியும், லைட் போடும். ஆனா 50 டிகிரிங்கறது நடக்கக்கூடிய எண்தானே, அதுல என்ன தப்பு இருக்குன்னு லைட் போடும்? குளிர் ஊர்ல இப்பதான் கிளம்பின வண்டின்னு நினைச்சுக்கிட்டு சும்மா இருந்துடும்.


கியர்மாத்தி:

எல்லாருக்கும் நன்றி. நிதானம் சார், கேபிள்ல தொய்வு இருக்கு, மிதியடி தள்ளியே இருக்கு, ஏசி ஆஃப்லதான் 1200, ஆன் பண்ணா இன்னும் ஒரு நூறு ஏறும். கணக்கு டேங்க் டு டேங்க். வீல் நாலும் ஒரே சூடுதான், டயர் காத்து ரெண்டுல கம்மியா இருந்தது ரொப்பிட்டேன்.

கரிக்கை அண்ணே, ஓவர்ஹீட் ஆச்சு. ரேடியேட்டர்ல லீக், வழில நின்னுபோச்சு. அது வேற ஒரு கராஜ்ல ரிப்பேர் பண்ணது. ரேடியேட்டர் மாத்திட்டு "இனிமே உங்களுக்கு சூடு பிரச்சனையே வராது சார்"ன்னு சொன்னாங்க. யோசிச்சுப் பார்த்தா மைலேஜ் விழுந்தது அதுக்கப்புறம்தான், ஆனா அப்ப ரெண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோணல. ஹீட்டர் வெதுவெதுன்னுதான் வருது.

பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கேனர் வாங்கி மாட்டினேன். காலைல சாவி ஆன்ல கூலண்ட் 24, காத்து 23. அரை மணி நேரம் ஓட்டினப்புறம் நீட்டு ரோட்ல 80 வேகத்துல போகும்போது கூலண்ட் 49, 50, 51 அதுலயே ஆடுது. ஊருக்குள்ள வந்து நெரிசல்ல ஊர்ந்தா மெல்ல 66 வரை ஏறுது, மறுபடி காலி ரோடு கிடைச்சா இறங்கிடுது. நீட்டு ரோட்ல இருந்து வந்து நின்ன உடனே பார்த்தா டார்கெட் ஐடில் 1150, நெஜம் 1160, ஸ்டெப் 31. மேப் 44 கிலோபாஸ்கல். லாங் டெர்ம் ட்ரிம் பிளஸ் 2. கியர்ல உருள விட்டு இன்ஜெக்டர் பல்ஸ் பார்த்தேன், சீரோ ஆகவே இல்ல.

டெம்பரேச்சர் முள் இதெல்லாம் நடக்கும்போது நடுக்கோட்டுக்குக் கொஞ்சூண்டு கீழ, அவ்ளோதான். பார்த்தா யாருக்கும் சந்தேகமே வராது.


நிதானம்80:

49 டிகிரியா! அந்த இன்ஜின் பாவம்.


கரிக்கை:

பாதி விடை வந்தாச்சு. டார்கெட்டே 1150, நெஜம் அதை ஒட்டியே ஓடுது, ஸ்டெப் 31. ஈசியூ கேட்டுத்தான் அந்த ஐடில் வருது. அது கேக்கறது நியாயமும்தான், 50 டிகிரி இன்ஜினுக்கு அப்படித்தான் குடுக்கணும்.

காலைல கூலண்டும் காத்தும் ஒரு டிகிரி வித்தியாசத்துல இருக்கு, அதனால சென்சார் குளிர்ல உண்மைதான் பேசுது. ஓடும்போது வேகத்துல இறங்கி நெரிசல்ல ஏறுதுல்ல, கெட்டுப்போன சென்சார் இப்படி ரோட்டுக்குத் தகுந்த மாதிரி ஆடாது. வேகமா போனா ரேடியேட்டர்ல காத்து ஜாஸ்தி, கூலண்ட் ஓயாம ரேடியேட்டர் வழியா சுத்துது, அதனால இறங்குது. தெர்மோஸ்டாட் வேலை செஞ்சா ஓட்டினாலும் நின்னாலும் 80, 90லயே நிக்கணும். ஹீட்டர் வெதுவெதுப்பும் அதையேதான் சொல்லுது.

ஆனாலும் சாமான் வாங்கறதுக்கு முன்னாடி கையால ஒரு தடவை உறுதி பண்ணிக்கோங்க. ராத்திரி நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, இன்ஜின்ல இருந்து ரேடியேட்டர் மேல் பக்கம் போற தடி ஹோஸ் மேல கையை வைங்க. ஃபேன் பிளேடு பக்கம் கை போகாம பார்த்துக்கோங்க. தெர்மோஸ்டாட் நல்லா இருந்தா அந்த ஹோஸ் ரொம்ப நேரம் ஜில்லுனே இருக்கும், திறக்கற சமயம் வந்ததும் சட்டுனு கை வைக்க முடியாத சூடு ஏறும். ஸ்டார்ட் பண்ண ரெண்டாவது நிமிஷத்துல இருந்தே கூலண்டோட சேர்ந்து அதுவும் கொஞ்சம் கொஞ்சமா வெதுவெதுப்பாகுதுன்னா அங்க கதவே இல்லைன்னு அர்த்தம். சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், உங்களுது எங்கன்னு பார்த்துட்டு அந்த ஹோஸைப் பாருங்க.

சூட்டை அளக்கற இன்ஃப்ராரெட் துப்பாக்கி யாராவது வச்சிருந்தா தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல அடிச்சு ஸ்கேனர் எண்ணோட ஒப்பிடுங்க. பளபளக்கற அலுமினியத்துல அடிச்சா கம்மியா காட்டும், கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல அடிங்க.

இன்னொரு விஷயம், ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டி அடிப்பக்கம் பாருங்க. வெளுத்த மஞ்சள்ல பிசுபிசுன்னு ஏதாவது ஒட்டியிருந்தா பயப்படாதீங்க, ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு யாராவது சொன்னா உடனே நம்பிடவும் வேணாம், கூலண்ட் மட்டம் குறையுதான்னு முதல்ல பாருங்க. சூடாகாத இன்ஜின்ல உள்ள சேர்ற ஈரம் ஆவியா போக வழியில்லாம ஆயிலோட கலந்து அங்க படியும். பெட்ரோலும் கொஞ்சம் ஆயில்ல இறங்கிருக்கும். சரி பண்ணதும் ஆயிலை மாத்திடுங்க.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, "இனிமே சூடு பிரச்சனையே வராது"ன்னு சொன்னாங்க பாருங்க, அந்த வாக்கியத்துல. ஹவுசிங்கைத் திறந்து பார்த்துட்டு சொல்லுங்க.


கியர்மாத்தி:

அண்ணே நீங்க நினைச்சதுதான். ஹோஸ் ரெண்டு நிமிஷத்துலயே வெதுவெதுப்பாச்சு. நைட்டு ஆற விட்டு கூலண்டை ஒரு பேசின்ல இறக்கிட்டு ஹவுசிங் ரெண்டு போல்ட்டைக் கழட்டினேன். உள்ள தெர்மோஸ்டாட்டே இல்ல! கேஸ்கெட்டுக்குப் பதிலா சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி மூடி வச்சிருக்காங்க, தெர்மோஸ்டாட் உக்கார்ற பள்ளத்துல வட்டமா பேஸ்ட் காய்ஞ்சு கிடக்கு. ஆயில் மூடிலயும் நீங்க சொன்ன பிசுபிசுப்பு இருக்கு, கூலண்ட் மட்டம் குறையல.

போட்டோவை அந்தக் கராஜுக்கு அனுப்பினேன், "அது தேவையில்லாத பார்ட் சார், எல்லாருக்கும் கழட்டித்தான் விடறோம்"ன்னு பதில் வந்தது.


ஸ்பேனர்14:

ஹாஹா. ஆனா ப்ரோ ஒண்ணு கேக்கறேன், வெயில் ஊர்ல இருக்கறவங்க கழட்டிட்டா நல்லதுதானேன்னு நிறைய பேர் சொல்றாங்களே, இன்ஜின் கூலா இருந்தா தேய்மானம் கம்மின்னு. அது தப்பா?


கரிக்கை:

நேர்மாறு. சிலிண்டர் சுவர் குளிர்ந்தே இருந்தா பெட்ரோல் ஆவியாகாம சுவர்ல வழிஞ்சு ஆயில் படலத்தைக் கழுவும், தேய்மானம் கூடும். பிஸ்டன் இடைவெளி எல்லாம் சூடான நிலைக்கு அளந்து வச்சது. வெயில் ஊரோ பனி ஊரோ இன்ஜினுக்கு வேண்டிய சூடு ஒண்ணுதான், அதுக்குத்தான் ஒரு வால்வு வச்சு கட்டுப்படுத்தறாங்க.

அதோட கழட்டிட்டா ஓவர்ஹீட் ஆகாதுங்கறதும் உத்தரவாதம் கிடையாது. பல இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டுக்குக் கீழ ஒரு தட்டு இருக்கும், மேல் வாய் திறக்கும்போது அது பைபாஸ் பாதையை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லேன்னா பைபாஸ் எப்பவும் திறந்தே இருக்கும், கூலண்ட்ல ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்தி வரும். லோடு ஏத்தி மேட்டுல ஏறும்போது அந்த வண்டி கொதிச்சா ஆச்சரியமில்ல. ரேடியேட்டர் ஓட்டைன்னா ரேடியேட்டரை மாத்தணும், அதை மாத்தினாங்க, அதோட நிறுத்திருக்கலாம்.


நிதானம்80:

புதுசு போடும்போது கவனிக்க வேண்டியது. தெர்மோஸ்டாட் மேலயே திறக்கற சூடு அடிச்சிருக்கும், 82, 88 இப்படி. உங்க இன்ஜினுக்கு என்ன போட்டிருக்கோ அதையே வாங்குங்க, கம்மி டிகிரி போட்டா கூலா இருக்கும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. மாட்டறதுக்கு முன்னாடி ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு நூலால கட்டித் தொங்க விட்டு, தெர்மாமீட்டரும் போட்டு சூடு பண்ணிப் பாருங்க, எழுதின டிகிரி சுமார்ல வாய் திறக்க ஆரம்பிக்கணும், ஆறினதும் மூடணும். புதுசுலயே கெட்டது வர்றதுண்டு.

ஓரத்துல சின்னதா ஆடற ஊசி ஒண்ணு இருந்தா அது மேல் பக்கம் வர்ற மாதிரி வைங்க, காத்துக் குமிழி வெளிய போற வழி அது. பழைய பேஸ்ட்டைச் சுரண்டும்போது அலுமினியத்துல கீறல் விழாம, துகள் உள்ள விழாம பண்ணுங்க. கேஸ்கெட்டோ ரப்பர் ரிங்கோ புதுசு போடுங்க.

கூலண்ட் ஊத்தினப்புறம் காத்து எடுக்கறதுதான் பொறுமை கேக்கற வேலை. வண்டி மூக்கு கொஞ்சம் மேட்டுல இருக்கற மாதிரி நிறுத்தி, ஹீட்டரை முழு சூட்டுல வச்சு, ஆறின இன்ஜின்ல ரேடியேட்டர் மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணி குமிழி வர வர ரொப்புங்க, மட்டம் இறங்கறது நின்னதும் மூடியைப் போட்டுட்டு ஃபேன் ஒரு தடவை ஓடி நிக்கற வரைக்கும் ஓட விடுங்க. சூடானப்புறம் மூடியைத் திறக்கவே கூடாது, மறுநாள் காலைல ஆறினதும் மட்டம் பாருங்க.


கியர்மாத்தி:

போட்டாச்சு. முதல்ல நல்ல சேதி. கூலண்ட் இப்ப 86ல இருந்து 90க்குள்ளயே நிக்குது, நீட்டு ரோடோ நெரிசலோ. ரேடியேட்டர் ஃபேன் தானா ஓடற சத்தத்தையே எத்தனையோ நாளைக்கப்புறம் கேக்கறேன் (ஏசி போட்டா மட்டும்தான் ஓடிட்டிருந்தது). கியர்ல உருள விட்டா இன்ஜெக்டர் பல்ஸ் சீரோ ஆகுது, பார்க்கவே சந்தோஷமா இருக்கு. ஹீட்டர் சுடுது.

ஆனா ஐடில் முழுசா இறங்கல. 950ல நிக்குது. டார்கெட் 750ன்னு காட்டுது, ஸ்டெப் 0. மேப் 41. ட்ரிம் அதே பிளஸ் 2, 3. இது என்ன அண்ணே?


ஸ்பேனர்14:

டார்கெட் 750, நெஜம் 950, ஸ்டெப் சீரோ!!! நான் முதல் ரிப்ளைலயே சொன்னேன், யாரும் கேக்கல. வேக்கம் லீக் ப்ரோ, வேக்கம் லீக்.


கரிக்கை:

சரி சரி, இந்தத் தடவை உங்க கட்சிதான் ஜெயிச்சுது. முன்னாடி ஈசியூ கேட்ட 1150க்குள்ள இந்த லீக் ஒளிஞ்சு கிடந்திருக்கு, அது உள்ள விட்ட காத்துக்கு ஏத்த மாதிரி வால்வு குறைச்சுத் திறந்து சமாளிச்சிருக்கும், வெளிய தெரியல. இப்ப டார்கெட் இறங்கினதும் வால்வு முழுசா மூடியும் காத்து மிச்சம் இருக்கு.

ட்ரிம் ஏன் நல்லா இருக்குன்னு கேப்பீங்க. ஏர்ஃப்ளோ சென்சார் வச்ச வண்டில, சென்சாருக்கு அப்புறமா நுழையற காத்து கணக்குல வராது, அதனால ஐடில்ல ட்ரிம் பிளஸ் 15, 20ன்னு ஏறும், 2500 ஆர்பிஎம்ல பிடிச்சா பாதிக்கும் கீழ இறங்கும், அதை வச்சே லீக்னு சொல்லிடலாம். உங்க வண்டி மேப் சென்சார் வச்சது. மேனிஃபோல்டுக்குள்ள அழுத்தத்தைத்தான் அளக்குது, காத்து எந்த வாசல்ல வந்தாலும் அழுத்தம் ஏறும், ஈசியூ அதுக்குத் தகுந்த பெட்ரோலைப் போட்டுடும். கலவை சரியா இருக்கும், ட்ரிம் சரியா இருக்கும், ஐடில் மட்டும் ஏறும். மேப் வண்டில ட்ரிம்மைப் பார்த்துட்டு லீக் இல்லைன்னு சொல்றவங்க கிட்ட ஜாக்கிரதையா இருங்க. சமவெளில சூடான ஐடில்ல மேப் 30ல இருந்து 35 சுமார் இருந்தா நல்லது, 41 கொஞ்சம் ஜாஸ்தி.

தேடறது சுலபம். இன்ஜின் ஐடில்ல ஓடட்டும், மேனிஃபோல்டுக்குப் போற ரப்பர் ஹோஸ் ஒவ்வொண்ணா துணி சுத்தின பிளையரால மெதுவா நெரிங்க. பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ், பெட்ரோல் ஆவி உள்ள வர்ற பர்ஜ் வால்வு ஹோஸ். எதை நெரிக்கும்போது ஐடில் 750க்கு விழுதோ அந்த வழிலதான். பிளாஸ்டிக் பைப்பை நெரிச்சு உடைச்சுடாதீங்க. மூணுலயும் மாறலேன்னா கேஸ்கெட், அதுக்கு ஸ்மோக். அதுக்கு முன்னாடி த்ராட்டில் கிளீன் பண்ண கையால அந்த ஸ்க்ரூ திரும்பிருக்கான்னு பெயிண்ட் குறி பாருங்க.


கியர்மாத்தி:

பெயிண்ட் குறி அப்படியே இருக்கு. பிரேக் ஹோஸ் நெரிச்சா மாத்தம் இல்ல. பர்ஜ் ஹோஸ் மாத்தம் இல்ல. பிசிவி ஹோஸை நெரிச்சதும் டபக்குனு 750. வெளிய பார்த்தா ஹோஸ் நல்லாத்தான் இருந்தது. கழட்டி வளைச்சுப் பார்த்தப்பதான், மேனிஃபோல்டுல மாட்டற வளைவுக்கு அடிப்பக்கம் விரல் நகம் நீளத்துக்கு பிளவு, ஆயில் குடிச்சு ரப்பர் ஊறி பொதபொதன்னு ஆகிருக்கு. பிசிவி வால்வைக் குலுக்கினா டக் டக்னு சத்தம் வருது, அது நல்லா இருக்குன்னு நினைக்கறேன். ஹோஸ் மட்டும் புதுசு போட்டேன்.

இப்ப ஐடில் 750, ஸ்டெப் 14, மேப் 33. ஆயிலும் மாத்தியாச்சு. மைலேஜ் டேங்க் ரொப்பிருக்கேன், காலியானதும் எழுதறேன். ஆக்சிஜன் சென்சார் அப்படியே பழசுதான் ஓடுது.


புதுவண்டி:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கும் ஐடில் ஏத்தம், ஆனா என்னுது எலக்ட்ரானிக் த்ராட்டில், த்ராட்டில் பாடி கிளீன் பண்ணி எடுத்ததுல இருந்து 1300ல நிக்குது. கூலண்ட் 90 வருது. இதுவும் லீக்கா?


கரிக்கை:

முதல்ல லீக்னு போகாதீங்க. அழுக்கு படிஞ்சிருந்தப்ப அதே காத்தை உள்ள விட பிளேட்டை எவ்வளவு கூடுதலா திறக்கணும்னு ஈசியூ மெல்ல மெல்ல கத்துக்கிட்டு வச்சிருக்கும். இப்ப அழுக்கு போச்சு, அது பழைய கணக்குலயே திறக்குது, காத்து ஜாஸ்தி. ஸ்கேனர்ல த்ராட்டில் அடாப்டேஷன் இல்ல ஐடில் ரீலேர்ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், இன்ஜின் நல்லா சூடானப்புறம் ஏசி, லைட், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு அதை ஓட்டுங்க. பேட்டரி நல்லா சார்ஜ்ல இருக்கணும், இல்லேன்னா பாதில நிக்கும். முறை வண்டிக்கு வண்டி மாறும், அதனால உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கற வரிசைப்படியே பண்ணுங்க. கிளீன் பண்ணும்போது சாவி ஆஃப்ல இருக்க பிளேட்டை விரலால தள்ளித் திறந்தாங்களான்னும் கேளுங்க, சில மாடல்ல உள்ள இருக்கற பிளாஸ்டிக் பல்சக்கரம் அதுலயே உடையும், அப்புறம் எத்தனை தடவை ரீலேர்ன் பண்ணாலும் நிக்காது.